ஞாயிறு காலை மதுரை விமான நிலையம் போகணும், காருக்கு இன்சூரன்ஸ் இல்லை

தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இருபத்தொன்பது வயது, கருவாட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். பெயர், வண்டி எண் எதுவும் வெளியில் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நீளமான கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார், 1,197 சிசி. மதுரையில் ஒருவரிடம் 2,90,000 ரூபாய் கொடுத்து வியாழக்கிழமை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். விற்றவரின் ஆர்.சி., பெயர் மாற்றத்துக்காக அவர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30, ஆதார் நகல், இரண்டு சாவி எல்லாம் கையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலை டேஷ்போர்டு டிராயரைக் குடைந்தபோதுதான் இன்சூரன்ஸ் முடிந்து 40 நாள் ஆகிவிட்டது தெரிந்திருக்கிறது. ஞாயிறு காலை துபாயிலிருந்து அண்ணன் மதுரையில் வந்து இறங்குகிறார். அம்மா, அண்ணி, அண்ணன் பிள்ளைகள் இருவர் என எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்ப வேண்டும்.

தெரிந்தவர் மூலம் கிடைத்த ஒரு ஏஜென்ட், "2,500 ரூபா என் நம்பருக்கு ஜீபே பண்ணுங்க, அரை மணி நேரத்துல வாட்ஸ்ஆப்ல பிடிஎஃப் வந்துரும். வேணும்னா போன வாரத் தேதியே போட்டுத் தர்றேன்" என்கிறாராம். வாசகர் கேட்பது இது: இதை எடுத்தால் உடனே காப்பு வந்துவிடுமா? பாலிசி முடிந்தாலும் 90 நாள் அவகாசம் உண்டு என்கிறார்களே? மிஞ்சிப் போனால் போலீஸ் 2,000 ரூபாய் ஃபைன் போடுவார்கள், அவ்வளவுதானே? விற்றவருக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருந்ததாம், அது தனக்கு வருமா? கடைசியில் ஒரு பின்குறிப்பு, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பி, கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னேன்: ஏஜென்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள், ஞாயிறு பயணத்துக்கு வாடகைக் கார் பிடியுங்கள். ஏன் என்று கேட்டீர்கள். அப்போது கோர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன், விளக்க நேரமில்லை. இப்போது விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் ராமநாதபுரத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகள், எங்கள் பாஷையில் எம்.சி.ஓ.பி., நடத்துகிறவன். வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் முதலில் பாலிசியைத்தான் புரட்டுவேன். அதில் நான் பார்ப்பது கம்பெனி பெயரையோ தொகையையோ அல்ல, காப்பு தொடங்கும் தேதியையும் அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அடித்திருக்கும் மணியையும்தான். நீங்கள் "எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் கோர்ட்டில் கேட்கப்படுவது "எத்தனை மணியிலிருந்து?" என்பதுதான்.

35 நிமிடம்

உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. 1991 டிசம்பர் 10 அன்று பிற்பகல் 2.20 மணிக்கு விபத்து. அதே நாள் 2.55 மணிக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள். அன்றைய தேதியிட்ட பாலிசி கையில் இருந்தது, பணமும் கட்டியாகிவிட்டது. இருந்தும், விபத்து நடந்த பிறகு எடுத்த பாலிசிக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்ப்பானது.

அதற்கு முன்பு 1990-ல் வந்த இன்னொரு தீர்ப்பைச் சிலர் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குத் தேதி இருந்தா போதும், முந்தின ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து கணக்கு" என்பார்கள். பாலிசியில் நேரமே குறிப்பிடாதபோதுதான் அந்தக் கணக்கு. நேரம் குறிப்பிட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் காப்பு என்று பின்னால் வந்த தீர்ப்புகள் தெளிவாக்கிவிட்டன. இப்போது கம்ப்யூட்டரில் அடிக்கிற பாலிசிகளில் நேரம் இல்லாமல் இருப்பதில்லை.

ஆகவே பிடிஎஃப் வந்ததும் சாவியை எடுக்காதீர்கள். அந்த வரியைப் படியுங்கள். சனிக்கிழமை 00:00 மணி என்று இருந்தால், வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு அடித்ததிலிருந்து காப்பு உண்டு. ஞாயிறு 00:00 என்று இருந்தால் சனிக்கிழமை முழுக்கக் கார் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டும். இந்த நள்ளிரவுக் கணக்கில் ஒரு நாள் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதைப் போல ஏற்கெனவே முடிந்துபோன பாலிசி என்றால், ஆன்லைனில் பணம் கட்டினாலும் சில கம்பெனிகள் ஓரிரு நாள் தள்ளித்தான் தொடக்கம் போடும். பணம் கட்டும் முன் வரும் கடைசிப் பக்கத்திலேயே தொடக்க தேதி தெரியும். பணம் கட்டியான பிறகு பார்த்துப் பயனில்லை.

அந்த ஏஜென்ட் சொன்ன தொகை

தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் வெளி ஆளுக்கு நேரும் பாதிப்புக்கான பாலிசியின் பிரீமியத்தைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் உள்ள கட்டணப்படி, 1,000 சிசி வரை தனியார் காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய், 1,000-க்கு மேல் 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. உங்கள் கார் நடு வகை. 3,416-உடன் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 4,030 ரூபாய் சொச்சம். எந்தக் கம்பெனியானாலும் இதே தொகைதான், பெட்ரோல் காருக்கு இதில் ஆஃபரே கிடையாது. அப்படியானால் 2,500 ரூபாய்க்கு அவர் எதைத் தரப்போகிறார்? ஒன்று, சிசியைக் குறைத்துக் காட்டிய பாலிசி. இல்லையென்றால் எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறாத, கம்ப்யூட்டரில் செய்த படம்.

சொந்த நம்பருக்குப் பணம் கேட்டது இரண்டாவது அடையாளம். பிரீமியம் கம்பெனி கைக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்கக் கூடாது என்பது 1938-ம் வருடத்து இன்சூரன்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது, பிரிவு 64விபி. கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ ஆப்பிலோ நீங்களே கட்டுங்கள். நல்ல ஏஜென்ட் என்றால் கம்பெனியிலிருந்து உங்கள் போனுக்கு லிங்க் வரச் செய்வார், தன் நம்பரைத் தர மாட்டார்.

முன் தேதி போட்டுத் தருகிறேன் என்றாரே, அது உதவி அல்ல, ஆவண மோசடி. விபத்து என்று வந்தால் பிரீமியம் எந்த நிமிடத்தில் வந்தது என்று கம்பெனி சர்வரே சொல்லிவிடும். அப்புறம் இழப்பீட்டு வழக்கோடு கிரிமினல் வழக்கும் சேரும், அதில் உங்கள் பெயரும் இருக்கும்.

கையில் வந்த பாலிசி அசல்தானா என்று பார்க்க: அதிலுள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். பாலிசி எண்ணைக் கம்பெனியின் இலவச எண்ணில் சொல்லிக் கேளுங்கள். ஓரிரு நாள் கழித்து அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் கம்பெனி பெயரும் முடியும் தேதியும் காட்ட வேண்டும். வழியில் போலீஸ் கேட்டால் எம்பரிவாகன், டிஜிலாக்கரில் உள்ளதைக் காட்டினால் போதும். ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் இதைப் படித்தால், தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

90 நாள், 14 நாள், 2,000 ரூபாய்

90 நாள் அவகாசம் என்பது போனஸுக்கு மட்டும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் பழைய நோ கிளெய்ம் போனஸ் சாகாது, அவ்வளவுதான். அந்த நாட்களில் வண்டிக்குக் காப்பு கிடையாது. எல்.ஐ.சி. பாலிசிக்கு இருக்கும் அவகாசத்தை நினைத்துக்கொண்டு இங்கேயும் உண்டென்று பலர் நம்பிவிடுகிறார்கள். மோட்டார் இன்சூரன்ஸில் முடிந்த நிமிடம் முடிந்ததுதான்.

அந்த போனஸும் உங்களுக்கு வராது. அது வண்டியோடு போவதல்ல, ஆளோடு போவது. 50 சதவீதம் விற்றவருடையது, அவர் அடுத்து வாங்கும் காருக்கு அதை எடுத்துக்கொண்டு போவார். நீங்கள் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். ஆன்லைன் படிவத்தில் "முந்தைய போனஸ் எவ்வளவு?" என்ற இடத்தில் 50-ஐத் தட்டினால் பிரீமியம் குறையும், கை துறுதுறுக்கும். நாளைக்கு கிளெய்ம் போடும்போது கம்பெனி அதைக் கண்டுபிடித்து, பொய்த் தகவல் என்று தள்ளிவிட அதுவே போதும்.

14 நாள் விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது உங்களிடம் சொல்வார்கள். உயிரோடிருக்கும் பாலிசியுடன் வண்டி கைமாறினால், மூன்றாம் நபருக்கான காப்பு வாங்குபவர் பெயருக்கு மாறியதாகவே மோட்டார் வாகனச் சட்டம் 157-ம் பிரிவு கருதும். வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. உங்கள் விஷயத்தில் 40 நாளுக்கு முன்பே பாலிசி செத்துவிட்டதால் மாறுவதற்கே ஒன்றுமில்லை.

2,000 ரூபாய் ஃபைன் என்பது சரிதான். முதல் முறை 2,000 அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், மறுபடி பிடிபட்டால் ஃபைன் 4,000. ஆனால் உங்கள் பயம் போலீஸ் மேல் இருக்கிறது, என் பயம் வேறு. விடியற்காலையில் நம் பக்கத்துச் சாலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். பின் விளக்கு எரியாத டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன்காரர்கள், ரோட்டிலேயே படுத்திருக்கும் மாடுகள், பாம்பன் பாலத்தில் சூரிய உதயம் பார்க்கக் காரை நடுவில் நிறுத்தும் வெளியூர்க்காரர்கள். ஒரு மீன்காரர் மேல் மோதி அவர் இறந்துவிட்டால், அவர் வயது, வருமானம், அவரை நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துத் தீர்ப்பாயம் கணக்குப் போடும். அது லட்சங்களில் வரும். இன்சூரன்ஸ் இல்லையென்றால் முழுத் தொகையும் வண்டிக்காரர் தலையில். கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நில வரி பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. குடும்பத்து வீட்டையும் வள்ளத்தையும் ஜப்தி வரை கொண்டுபோன கட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ

நீங்கள் பணம் கொடுத்துவிட்டீர்கள், சாவி உங்களிடம். ஆனால் ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணுக்கு உரிமையாளர் அந்த மதுரைக்காரர்தான். பல கை மாறிய ஒரு காரின் வழக்கில், ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. இதை அவரிடம் நீங்கள் சொன்னால், உங்களைவிட அவர் வேகமாக ஓடி வருவார்.

இந்த இடைக்காலத்தில் பாலிசி யார் பெயரில் எடுப்பது? கம்பெனியை நேராகக் கூப்பிட்டு, "கார் வாங்கிவிட்டேன், ஆர்.சி. இன்னும் மாறவில்லை" என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஃபார்ம் 29, 30 வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் தருகிறோம் என்றால், அந்தப் பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொண்டு எடுங்கள். முடியாது என்றால், ஆர்.சி.யில் பெயருள்ளவர் என்ற முறையில் விற்றவரே தன் போனிலிருந்து தேர்ட் பார்ட்டி பாலிசி எடுக்கட்டும், பணம் நீங்கள் கொடுங்கள். வண்டியை விற்றுவிட்டதை அவரும் கம்பெனிக்குச் சொல்லியே எடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு உயிருள்ள இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் வேண்டும் என்பதால் இது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். வாங்கியவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க 30 நாள் இருக்கிறது. முப்பதாவது நாள்வரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் வாடகைக் கார்

சனிக்கிழமை 00:00 மணிக்குத் தொடங்கும் தேர்ட் பார்ட்டி பாலிசி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சாலையில் போவது சட்டப்படி சரி. ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் அம்மா, அண்ணி, பிள்ளைகள்? வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் தனியார் காரின் உள்ளே வருகிறவர்கள் பொதுவாக அடங்க மாட்டார்கள். பலருக்கு இது தெரியாது. "மூன்றாம் நபர்" என்றால் வெளியில் இருப்பவர். உள்ளே இருப்பவர்களுக்கும் காப்பு வேண்டுமென்றால் பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்பது, வேண்டும். ஓட்டுகிற உங்களுக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் ஆர்.சி. பெயருள்ள உரிமையாளர் ஓட்டினால்தான். ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இல்லை.

போக வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். குடும்பமே உள்ளே, கைக்குப் பழகாத வண்டி, தூக்கக் கலக்கம். மஞ்சள் போர்டு வண்டி பிடித்தால் சில ஆயிரம் செலவாகும்தான். அண்ணன் துபாயிலிருந்து வரும்போது புதுக் கார் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. கார் வீட்டு வாசலில் நிற்கட்டும், அங்கே பார்த்துக்கொள்வார்.

ஃபுல் இன்சூரன்ஸுக்கு வீடியோ எடுக்கும்போது

பாலிசி அறுந்துபோன காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் கம்பெனி வண்டியைப் பார்க்காமல் தராது. இப்போது ஆள் வர வேண்டியதில்லை, கம்பெனி ஆப்பில் நீங்களே வீடியோ எடுத்து அனுப்பலாம். பகல் வெளிச்சத்தில், வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். நான்கு பக்கமும், முன் கண்ணாடியும், ஓடிய கிலோமீட்டரும், சேஸிஸ் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள் வரை ஆகலாம்.

சேஸிஸ் எண்ணில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். உப்புக் காற்றில் தகட்டில் துரு ஏறி எழுத்து மங்கியிருக்கும். தெரியட்டுமே என்று சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எண்ணைத் திருத்தியதைப் போல ஆகிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, சாக்பீஸை மேலே தடவினால் எழுத்து எழும்பித் தெரியும்.

வீடியோ வேலையைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: படிவத்தில் "பழைய பாலிசி இன்னும் முடியவில்லை" என்று தட்டிவிடுவது. பாலிசியும் உடனே வந்துவிடும். பெரிய கிளெய்ம் போடும் நாளில் கம்பெனி பழைய பாலிசி எண்ணைச் சரிபார்க்கும், அன்றைக்குத்தான் தெரியும் அந்தப் பாலிசியின் லட்சணம்.

அப்படியே, எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரம் தீவில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம், புயல் சேதத்துக்கு ஃபுல் இன்சூரன்ஸில் காப்பு உண்டு. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் அந்தச் செலவைச் சாதாரணப் பாலிசியில் மறுத்துவிடுவார்கள். துருவுக்கு மட்டும் எந்தப் பாலிசியிலும் காசு வராது, அது தேய்மானக் கணக்கு.

கம்பெனி பக்கம் தவறு என்றால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், இருக்கிறார், செலவில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.

இனி உங்கள் பின்குறிப்பு. "சும்மா நிற்கிற நாளில் ராமேஸ்வரம் வருகிறவர்களை தனுஷ்கோடி வரை கூட்டிப்போய் வந்தால் டீசல் காசு, மன்னிக்கவும் பெட்ரோல் காசு கிடைக்குமே" என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பெர்மிட் இல்லாத குற்றம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தனியார் கார் பாலிசியிலேயே "வாடகைக்கு ஓட்டக் கூடாது" என்று எழுதியிருக்கும். அரிச்சல்முனை வளைவில் சரிந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாய் தர மாட்டார்கள். அடிபட்டவர்களுக்குக் கம்பெனி கொடுக்க நேர்ந்தாலும், அதை உங்களிடம் திருப்பி வசூலிக்கத் தீர்ப்பாயத்திலேயே உத்தரவு கேட்கும். வந்தவர்களில் ஒருவர், "நாங்கள் வாடகை கொடுத்தோம்" என்று போலீசிடம் சொன்னால் போதும். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். மஞ்சள் போர்டாக மாற்றித் தொழிலாகவே செய்யும் எண்ணம் இருந்தால் எழுதுங்கள். அதன் கணக்கு, பிரீமியம், பெர்மிட் எல்லாமே வேறு.